கான் என்று முடிந்தால் சொந்தக்காரரா?

கேள்வி: பிஸ்மில்லா கான், விலாயத் கான், அலி அக்பர் கான், அம்ஜத் அலி கான், நுஸ்ரத் ஃபதே அலி கான். இவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தானே? செங்கிஸ்கான் வம்சத்தில் வந்த முஸ்லிம் குடும்பம், முகலாயர் காலத்தில் இசைப் பக்கம் போய்விட்டது என்று எங்கள் வாத்தியார் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஜனவரி 11, 2025

இல்லை. ஐந்து பேர், ஐந்து குடும்பம். பிஸ்மில்லா கான் பீகாரில் டும்ராவ் அரண்மனை ஷெனாய்க்காரர்கள் வீட்டுப் பிள்ளை. விலாயத் கான் இட்டாவா சிதார் பரம்பரை. அலி அக்பர் கானின் அப்பா அலாவுதீன் கான், இன்றைய வங்கதேசத்துப் பிரம்மன்பாரியா பக்கத்திலிருந்து மத்தியப் பிரதேசத்து மைஹருக்கு வந்தவர். அம்ஜத் அலி கான் குவாலியரில் சரோத் என்னும் தந்திவாத்தியம் வாசித்த வீடு. நுஸ்ரத் வீட்டார் ஜலந்தரில் கவ்வாலி பாடி, பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போனவர்கள். இவர்களைத் தாயாதி ஆக்கினால் தஞ்சாவூர்ப் பிள்ளைமார் எல்லாரையும் ஒரே வீட்டில் குடிவைத்த கதையாகிவிடும்.

செங்கிஸ்கான் முஸ்லிமும் இல்லை. இயற்பெயர் தெமுஜின். 1206இல் கூட்டம் கூடி அவரைத் தலைவராக ஏற்றபோது வந்த பட்டம்தான் செங்கிஸ்கான். வானத்தைக் கும்பிட்ட மனிதர். புல்வெளித் துருக்கியரும் மங்கோலியரும் தலைவனுக்கு வைத்திருந்த சொல் கான், இஸ்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் முன்பே. அவர் பேரன் ஹுலாகு கான் 1258இல் பாக்தாதை அழித்துக் கலீஃபாவைக் கொன்றான். இன்னொரு பேரன் பெர்கே கான் இஸ்லாத்தைத் தழுவி, அந்த ஹுலாகுவோடேயே சண்டைக்குப் போனான். முஸ்லிம் பெயர் என்று நாம் நினைக்கும் சொல் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறது.

ஜனவரி 11, இரவு

வாத்தியாரை முழுக்க ஓரங்கட்டியது தப்பு. பாபருக்குத் தாய்வழியில் செங்கிஸ்கான் உறவு உண்டு. தாய்வழிப் பாட்டன் பெயர் யூனுஸ் கான். ஆனால் அப்பா வழியில் அவர்கள் மிர்சா, அதாவது இளவரசர். அப்புறம் பாதுஷா ஆகிவிட்டார்கள். கான் என்பதைத் தங்களுக்கு வைத்துக்கொள்ளாமல் கீழே இருப்பவர்களுக்குக் கொடுக்கும் பட்டமாக்கிவிட்டார்கள். பைராம் கான், அவர் மகன் அப்துல் ரஹீம் கான்-இ-கானான் என்று வருகிறதே, அதெல்லாம் அப்படித்தான். கான்-இ-கானான் என்றால் கான்களுக்கெல்லாம் கான்.

ஜனவரி 14

என் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நான் மூன்று வருஷம் கானாக வாழ்ந்தவன்.

எங்கள் பக்கம் குடும்பப் பெயர் கிடையாது. மதுரை ராவுத்தர் வீடு. என் பெயருக்கு முன்னால் அத்தா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். அத்தா பெயர் ஷாஜகான். 1991இல் வேலைக்குப் புனே போனேன். கம்பெனியில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், நிரப்பாமல் விடக்கூடாதாம். அத்தா பெயரை எழுதினேன். அங்கிருந்த குமாஸ்தா அதை இரண்டாக வெட்டி, ஷாஜா ஒரு பக்கம், கான் ஒரு பக்கம் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து நான் கான் சாப். சம்பளச் சீட்டில் கான், கேண்டீன் கணக்கில் கான். வீட்டுக்காரர், "ராம்பூர் பட்டாணா, மலீஹாபாத் பட்டாணா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பட்டாணி சுண்டலில் போடுவது. மதுரை என்றேன். மதுரா என்று காதில் வாங்கிக்கொண்டு, "அப்படியா, பிருந்தாவனம் பக்கமா" என்று சந்தோஷப்பட்டார். திருத்தவில்லை. வீடு கிடைத்ததே பெரிய விஷயம்.

ஜனவரி 15

ஒருவர் கேட்கிறார்: "ஷாஜகானில் கான் இருக்கிறதே, குமாஸ்தா செய்ததில் என்ன தப்பு?"

இல்லை ஐயா. அது ஷா ஜஹான். ஷா என்றால் அரசன், ஜஹான் என்றால் உலகம். தமிழில் ஹ-வைக் க-வாக்கி எழுதுகிறோமா, ஜகான் ஆகிறது. அதை மறுபடி இங்கிலீஷில் எழுதும்போது கான் முளைத்துவிடுகிறது. நூர்ஜகான், மும்தாஜ் மகால் என்று ஊரே இப்படித்தான் எழுதுகிறது. ஆக என் கான் பட்டம் எழுத்துப்பிழையில் வந்தது. பாதுஷா கொடுத்தால் பட்டம், குமாஸ்தா கொடுத்தால் என்ன?

எங்கள் ஊரில் செங்கிஸ்கான் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த வீடுகளும் உண்டு. வீரன் என்று வைத்ததுதான். பாக்தாத் கணக்கை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 19

மதுரையில் எனக்குத் தெரிந்த கான் ஒருவர்தான், அவரும் பிறக்கும்போது கான் இல்லை.

கான்சாகிபு என்றால் எங்கள் ஊரில் யூசுப் கான். பனையூரில் மருதநாயகமாகப் பிறந்தவர் என்பது வழக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து மேலே வந்து, மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நிர்வாகியாகி, கடைசியில் ஆற்காட்டு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்று, உடனிருந்தவர்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15இல் தூக்கில் போடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் தர்கா இருக்கிறது. சின்ன வயதில் அத்தா சைக்கிளில் கூட்டிப்போவார். கான்சாமேட்டுத் தெரு, கான்பாளையம், வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் எல்லாம் அவர் பெயரில்தான். ஜனங்கள் வாயில் கான்சாகிபு தேய்ந்து கான்சா ஆகிவிட்டது. யூசுப் என்ற பெயர் எந்தத் தெருவிலும் இல்லை, மருதநாயகமும் இல்லை. பட்டம் மட்டும் நின்றது. நாட்டுப்பாடலுக்கும் "கான்சாகிபு சண்டை" என்றுதான் பெயர்.

ஜனவரி 20

"புலித்தேவனை அடித்தவரைத் தியாகி ஆக்காதீர்கள்" என்று காட்டமாக ஒரு பதில் வந்திருக்கிறது. நியாயம்தான். பாளையக்காரர்களை அடக்கக் கம்பெனி அனுப்பிய ஆள்தான் அவர், நெல்கட்டும்செவல் பக்கம் போய் இன்று அவரைப் புகழ்ந்தால் சோறு கிடைக்காது. மீனாட்சி கோயில் நிலங்களைத் திருப்பிக் கொடுத்தவரும் அதே ஆள்தான். நான் தெருப்பெயரைச் சொல்ல வந்தேன், சிலை வைக்க வரவில்லை.

ஜனவரி 22

நேற்றுக் குளிக்கும்போது தோன்றியது. இரண்டு யூசுப் கான். மதுரைக்காரர் தன் பெயரை விட்டுவிட்டு யூசுப் கான் ஆனார். பெஷாவரில் 1922இல் யூசுப் கானாகவே பிறந்த ஒருவர், பம்பாய்க்குப் போய் அந்தப் பெயரை விட்டுவிட்டுத் திலீப் குமார் ஆனார். படைக்கு அந்தப் பெயர் வேண்டியிருந்தது, 1940களின் சினிமாவுக்கு வேண்டாமாக இருந்தது. பின்னால் வந்த ஆமிர், ஷாருக், சல்மான் மூவரும் 1965இல் பிறந்தவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, பெயரை மாற்றவேண்டிய அவசியமும் அவர்களுக்கு வரவில்லை.

ஜனவரி 26

இப்போது இசைக்காரர்கள். பாட்டுக்காரருக்கு ஏன் கான்?

படை நடத்தினவனுக்குக் கொடுத்ததையே பாடினவனுக்கும் அரண்மனை கொடுத்தது. அக்பர் அரசவைப் பாடகர் தான்சேனின் மகன் பிலாஸ் கான். பிலாஸ்கானி தோடி என்ற ராகத்தில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. பிலாஸ் கானின் மருமகன் லால் கானுக்கு ஷாஜஹான் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? குணசமுத்திரம். முகலாய அரசர் முஸ்லிம் பாடகருக்குச் சமஸ்கிருதப் பட்டம் கொடுக்கிறார், கான் ஏற்கெனவே சாதாரணமாகிவிட்டது போலிருக்கிறது.

ஓவியர்களுக்கு வேறு மாதிரி. ஜஹாங்கீர் பறவை, மிருகம் வரைந்த மன்சூருக்கு "காலத்தின் அதிசயம்" என்ற பொருளில் நாதிர்-உல்-அஸ்ர் என்று கொடுத்தார். அபுல் ஹசனுக்கு நாதிர்-உஸ்-ஸமான், கிட்டத்தட்ட அதே பொருள். அந்தப் பட்டங்கள் ஆளோடு முடிந்தன. மன்சூரின் பேரன் பெயர் நாதிர் இன்னார் என்று வந்ததில்லை. கான் மட்டும் பிள்ளைக்கு, பேரனுக்கு, சீடனுக்கு என்று இறங்கியது. தூரிகையைவிடத் தம்புராவுக்கு வாரிசுரிமை அதிகம்போல. (இது என் ஊகம். அடிக்க வராதீர்கள்.)

விலாயத் கானின் முப்பாட்டனார் சாஹப்தாத் ராஜபுத்திர வழி வந்தவர் என்று அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். பிஸ்மில்லா கானுக்கு வைத்த பெயர் கமருதீன். பிறந்த பிள்ளையைப் பார்த்துப் பாட்டனார் "பிஸ்மில்லா" என்றாராம், அது ஒட்டிக்கொண்டது. அவர் பெயரில் எது யார் கொடுத்தது என்று பிரித்தால், அப்பா அம்மா வைத்தது ஒன்றும் மிஞ்சாது.

ஜனவரி 27

பட்டம் என்றதும் விலாயத் கான் வீட்டை விட்டது குற்றம். பத்மஸ்ரீ வேண்டாம், பத்மபூஷண் வேண்டாம், 2000இல் பத்மவிபூஷணும் வேண்டாம் என்றவர். சிதாரைத் தன்னைவிட நன்றாகத் தெரிந்த குழு இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்கிற மனுஷன். தம்பி இம்ரத் கான் 2017இல் வந்த பத்மஸ்ரீயைக் காலம் கடந்து வந்தது என்று திருப்பிவிட்டார். ஆனால் ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமது கொடுத்த "ஆஃப்தாப்-இ-சிதார்", சிதாரின் சூரியன், அதை விலாயத் கான் வைத்துக்கொண்டார். அந்த வீட்டார் எந்தப் பட்டத்தையும் எடைபோட்டுத்தான் வாங்குவார்கள்.

ஜனவரி 30

"பெண்களில் ஏன் கான் இல்லை?" நல்ல கேள்வி. இருக்கிறது, கானும் என்று. ஃபரீதா கானும் பெயரில் வருவது கானின் பெண்பால். அதேபோல பேக் என்ற துருக்கியப் பட்டத்துக்குப் பெண்பால் பேகம். எங்கள் வீட்டில் பேகம் மூன்று பேர், பேக் ஒருவர்கூடக் கிடையாது. சமையற்கட்டு முழுக்கப் பட்டத்து ராணிகள்.

அலாவுதீன் கானின் மகள் கதை வேறு. வீட்டில் ரோஷனாரா. மைஹர் மகாராஜா அன்னபூர்ணா என்று பெயர் வைத்தார், சுர்பஹார் (சிதார் மாதிரி, அதைவிடப் பெரிய வாத்தியம்) உலகம் அவரை அன்னபூர்ணா தேவியாகத்தான் அறிந்தது. அண்ணன் அலி அக்பர் கான், தங்கை அன்னபூர்ணா தேவி. சாரதா தேவி கோயில் மலையடிவாரத்து முஸ்லிம் வீடு. இங்கே பெயரை வைத்து யாரும் உறவு கண்டுபிடிக்க முடியாது.

பிப்ரவரி 6

முந்தாநாள் லிஸ்பனில் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் ஆகா கான் காலமானார். அதுவும் பட்டம்தான். முதல் ஆகா கானுக்குப் பாரசீக மன்னர் ஃபத் அலி ஷா கொடுத்தது. புனேயில் நான் இருந்த இடத்திலிருந்து பஸ்ஸில் ஆகா கான் அரண்மனைக்குப் போகலாம். காந்தியைச் சிறைவைத்த இடம், கஸ்தூர்பா 1944 பிப்ரவரியில் இறந்த இடம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவேன். பெரியத்தா வந்தபோது பலகையைப் பார்த்துவிட்டு, "ஒன் கம்பெனிக்காரன் ஒனக்கு வச்ச பேருதானடா இது? வாடகை வாங்கிக்க" என்றார்.

டெல்லி நிஜாமுதீனில், மேலே சொன்ன ரஹீம் தன் மனைவிக்காகக் கட்டிய கல்லறை இடிந்து கிடந்தது. தாஜ்மகாலுக்கு முந்தியது. அவரும் 1627இல் அங்கேயே அடங்கினார். அதைப் பழுதுபார்த்து 2020இல் முடித்தது ஆகா கான் அறக்கட்டளை. ஒரு கான் பெயரில் இருக்கும் பணம் இன்னொரு கானின் கூரையை ஒழுகாமல் பார்த்திருக்கிறது.

இந்த ரஹீம் பாபரின் நினைவுக்குறிப்பைத் துருக்கியிலிருந்து பாரசீகத்துக்கு மொழிபெயர்த்தவர், இந்தியில் தோஹா என்னும் ஈரடிப் பாட்டு எழுதியவர். வடக்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாம் குறள் ஒப்பிப்பதுபோல ரஹீம் தோஹா ஒப்பிக்கிறார்கள்.

பிப்ரவரி 9

கான்பகதூரை மறந்துவிட்டோம் என்று நினைவுபடுத்தியவருக்கு நன்றி. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டம். முஸ்லிமுக்கும் பார்சிக்கும் கான்சாகிப், கான்பகதூர். இந்துவுக்கு ராவ்சாகிப், ராவ்பகதூர். மதத்துக்கு ஒரு பெட்டி வைத்துப் பட்டம் எடுத்தார்கள்.

எல்லைப்புறத்து கஃபார் கான் பெயரைப் பாருங்கள்: கான் அப்துல் கஃபார் கான். முன்னாலும் கான், பின்னாலும் கான், இரண்டுக்கும் நடுவில் வெள்ளைக்காரனோடு சண்டை. அவர் அண்ணனை எல்லாரும் டாக்டர் கான் சாகிப் என்றே கூப்பிட்டார்கள். டெல்லி கான் மார்க்கெட் அவர் பெயரில்தான். அங்கே காபி குடிக்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

பிப்ரவரி 16

இதை எழுதத்தான் இவ்வளவு நாள் சுற்றினேன்.

புனேயில் மாடிவீட்டில் ஒரு மராத்திப் பாட்டி இருந்தார். வாசலில் கான் என்று எழுதியிருந்ததைப் பார்த்து நானும் பாட்டுக்காரன் என்று நினைத்துவிட்டார். டிசம்பரில் சவாய் கந்தர்வ இசைவிழாவுக்குக் கையைப் பிடித்து இழுத்துப்போனார். விடிய விடியக் குளிர். எனக்கு நாகூர் ஹனிபாவைத் தாண்டி ஒன்றும் தெரியாது. பாட்டி இடைவேளையில், "கான்சாஹேப் இருந்திருந்தால்..." என்று ஆரம்பித்தார். கான்சாகிபு என்றதும் நான் தூக்குமரத்தையும் சம்மட்டிபுரத்தையும் நினைத்துக்கொண்டேன். "அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்களே" என்றேன். பாட்டி முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அவர் சொன்னது அப்துல் கரீம் கானை. கைரானாக்காரர், 1872இல் பிறந்தவர், மிரஜில் குடியேறியவர். சவாய் கந்தர்வர் அவர் சீடர். பீம்சேன் ஜோஷியும் கங்குபாய் ஹங்கலும் அந்தச் சீடரின் சீடர்கள். அந்த வட்டாரத்தில் உஸ்தாதைக் கான்சாஹேப் என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்வது மரியாதைக் குறைவு.

மைசூர் அரண்மனைக்குப் போய்வந்து கர்நாடக இசையையும் காதில் வாங்கிக்கொண்டவர். தியாகராஜரின் "ராம நீ சமானமெவரு" கரகரப்பிரியா கீர்த்தனையை இசைத்தட்டில் பாடியிருக்கிறார். கேட்டுப்பாருங்கள். தெலுங்கு உச்சரிப்பைப் பற்றிப் பேசவேண்டாம். சுரத்தைப் பற்றிப் பேசலாம்.

ஹிராபாய் படோதேகர், சரஸ்வதி ராணே இருவரும் அவர் சீடப் பெண்கள்.

பிப்ரவரி 17

சீடப் பெண்கள் என்று எழுதியது அபத்தம், மகள்கள். என்னையும் பெயர் ஏமாற்றிவிட்டது பாருங்கள். பரோடாவைச் சேர்ந்த தாராபாய் மானேயை அப்துல் கரீம் கான் மணந்தார், ஐந்து பிள்ளைகள். 1922இல் தாராபாய் பிள்ளைகளோடு பிரிந்துபோனார். அப்துல் ரஹ்மான் சுரேஷ்பாபு மானே ஆனார். சம்பாகலி ஹிராபாய் படோதேகர் ஆனார். சகீனா சரஸ்வதி ராணே ஆனார். ஒரே அப்பா, ஒரே குரல்வழி, வேறு வேறு பெயர்கள், ஒன்றிலும் கான் இல்லை.

கேள்வி கேட்டவரே, இன்னும் இருக்கிறீர்களா? பெயர் ஒன்றாக இருந்த ஐந்து பேர் சொந்தமில்லை. சொந்தமாக இருந்த மூன்று பேர் பெயர் ஒன்றில்லை.

பிப்ரவரி 18

அம்ஜத் அலி கானின் மகன்களும் இப்போது கான் போடுவதில்லை. அமான் அலி பங்கஷ், அயான் அலி பங்கஷ். த்ருபத் என்னும் பழைய பாணிப் பாட்டுப் பாடிய பஹ்ராம் கான் வீட்டார் டாகர் ஆனார்கள். கான் பெருத்துப்போன ஊரில் கான் என்றால் அடையாளமில்லை, முனியாண்டி விலாஸ் மாதிரி.

பிப்ரவரி 23

"ஓவியத்தில் கானே இல்லையா?" ஒருவர் இருக்கிறார், இத்ரிஸ் கான். 1978இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர். குர்ஆனின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினார். பீத்தோவன் சொனாட்டாக்களின் இசைக்குறிப்புத் தாள்களையும் அப்படியே செய்தார், கறுத்து மொத்தையாகத் தெரியும். அருகில் போனால் கோடுகள் அசைவதுபோல இருக்கும். நான் பார்த்தது அச்சில்தான்.

பிப்ரவரி 25

நம் பக்கம் ஏன் கான் வரவில்லை என்பதற்கு ஒரு வரி. தெற்கே நாதஸ்வரத்துக்கு வந்த முஸ்லிம் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி வாங்கியவர். பிஸ்மில்லா காசியில் கோயிலில் வாசித்ததைச் சொல்கிறவர்கள் இவரைச் சொல்ல மறக்கிறார்கள். இங்கே ஷேக் முன்னால் வந்தது, கான் பின்னால் வரவில்லை.

மார்ச் 8

போன வாரம் சென்னை போனேன். அப்துல் கரீம் கான் 1937 அக்டோபர் 27இல் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போகும்போது நெஞ்சுவலி வந்து சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து, தம்புராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, கலிமாவை (இஸ்லாமிய உறுதிமொழி) தர்பாரி ராகத்தில் பாடி முடித்து உயிரை விட்டார் என்று சீடர்கள் சொல்வார்கள். உடலை மிரஜுக்குக் கொண்டுபோய் அங்கே தர்காவில் அடக்கம் செய்தார்கள். முப்பது வருஷமாக வைகை எக்ஸ்பிரஸில் அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறேன், அது அங்கே நிற்காது.

இந்தத் தடவை செங்கல்பட்டில் இறங்கி லோக்கல் பிடித்தேன். பரனூர், அடுத்தது சிங்கப்பெருமாள் கோயில். மத்தியானம், கம்பெனி ஷிப்ட் விட்டுக் கூட்டம். பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனில் கரகரப்பிரியாவைப் போட்டேன். பக்கத்தில் டிபன் டப்பாவோடு ஒரு பையன். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, "யாரு சார் பாடுறது?" என்றான்.

"கான்சாகிபு."

"ஷாருக்கானோட அப்பாவா?"

தாம்பரம் வண்டி வந்துவிட்டது. பதில் சொல்ல நேரமில்லை. இந்த இழையின் சுட்டியை அவனுக்கு அனுப்பலாம் என்றால் நம்பரும் வாங்கவில்லை.